பழைய காரா, லீசிங்கா?

கேள்வி: கையில் 25 இலட்சம் இருக்கிறது. பழைய அல்டோ வாங்கவா, லீசிங்கில் புதிய கார் எடுக்கவா?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: பழையதையே வாங்குங்கள் டீச்சர். லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் தந்த நிறுவனம்தான். முழுக் காப்புறுதியும் வருடாவருடம் கட்ட வேண்டும். எனக்கு இரண்டு தவணை பிந்தியபோது வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். அன்று அம்மா அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆனால் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடலோரம் ஓடிய கார் என்றால் பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். உப்புக்காற்று காரின் அடிப்பக்கத் தகட்டைத்தான் அரிக்கும். மெக்கானிக்கைக் கூட்டிப்போய், காரை உயர்த்தித் தட்டிப் பாருங்கள். உள்ளே தரைவிரிப்பையும் தூக்கிப் பாருங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அப்புறம், டயருக்கும் பற்றரிக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.