வாந்தி எடுத்தா தொக்கம்னு விட்டுராதீங்க

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம். தலையில் நீர் கோத்திருக்கிறது, ஹைட்ரோகெபாலஸ் என்று சொல்லி ஆறாம் மாதம் ஷன்ட் குழாய் வைத்தார்கள். வருகிற ஆடியில் அழகர்கோவிலில் மொட்டை எடுத்துக் காது குத்த வேண்டும் என்கிறார் மாமியார். தலைக்கு ஊற்றலாமா, எந்தப் பக்கம் படுக்க வைப்பது, எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. கிரகணத்தன்று நான் வெளியே வந்ததால்தான் இப்படி ஆனது என்றும் பேசுகிறார்கள்.
- வாசகி, மேலூர்

பதில் சொல்பவர்: செல்லூரில் தையல் கடை நடத்தும் தாய். மகனுக்கு ஷன்ட் வைத்து 17 வருடங்கள்.

தங்கச்சி, கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. மூளைக்குள்ள நீர் தினமும் ஊறிக்கிட்டேதான் இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் வரைக்கும் ஊறும். அது வடியற பாதை அடைபட்டாத் தேங்கிடுது. ஷன்ட் அந்த நீரைக் காதுக்குப் பின்னால இருக்கிற வால்வு வழியா வயித்துக்குள்ள இறக்கிவிடுது, அங்க உடம்பு உறிஞ்சிக்கும். இதுல உங்க தப்பு எங்க இருக்கு?

மொட்டை இப்ப வேண்டாம். வால்வு மேல இருக்கிற தோல் மெல்லிசு, சவரக்கத்தி ஒரு கீறல் போட்டாலும் கிருமி இறங்க வழியாயிடும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில மாசம்தான் அந்தப் பயம் அதிகம். மஞ்சத்துணியில ஒரு ரூபாயை முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வைங்க, உங்க அத்தைக்கும் மனசு ஆறும். நாங்க அப்படித்தான் வச்சோம். மூணாவது வயசுல டாக்டரைக் கேட்டுக்கிட்டு பூமுடி மட்டும் எடுத்தோம். பதினெட்டாம்படி கருப்பு எங்களைக் கைவிடலை. காதுகுத்தும் அதோட சேரட்டும்.

தையல் பிரிச்சு புண் நல்லா ஆறிட்டா தலைக்கு ஊத்தலாம். நம்ம பக்கம் பெரியவங்க தலையை உருட்டிப் பிடிச்சு அமுக்குவாங்களே, அது மட்டும் கூடாது. புண் ஆறுற வரைக்கும் அந்தப் பக்கம் அழுந்தாமப் படுக்க வைங்க, பிறகு மாத்தி மாத்தி.

நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்லணும். என் மகன் ஒன்றரை வயசுல ஒரு நாள் காலையில எந்திரிச்சதும் வாந்தி எடுத்தான். பால் செரிக்கலைன்னு தொக்கம் எடுக்கத் தூக்கிட்டுப் போனேன். வந்து பகல் முழுக்கத் தூங்கினான். நல்லாத் தூங்குறானேன்னு நான் உக்காந்து ரவிக்கை தச்சேன். சாயங்காலம் எழுப்பிப் பார்த்தா கண்ணு ரெண்டும் கீழ இறங்கி, கருவிழிக்கு மேல வெள்ளை தெரியுது. குழாய் அடைச்சிருந்தது. ராத்திரியே திரும்ப ஆபரேஷன். அந்தப் பகலை நினைச்சா இன்னைக்கும் எனக்குக் கை நடுங்கும்.

அதனால வாந்தியோட மந்தம், எழுப்பினா எழும்பாத தூக்கம், வழக்கமில்லாத வீறிட்ட அழுகை, வலிப்பு, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. ராத்திரின்னா 108. காய்ச்சலோ, குழாய் போற வழியில சிவப்போ வீக்கமோ இருந்தாலும் இதேதான். விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

தினமும் பிள்ளை அழாம இருக்கிறப்ப மடியில நிமிர்த்தி உக்கார வச்சு, உச்சிக்குழியை ரெண்டு விரலால தொட்டுப் பாருங்க. அழுதா எந்தப் பிள்ளைக்கும் புடைக்கும். சும்மா உக்காந்திருக்கிறப்பவே தவில் தோல் மாதிரி விறைச்சிருந்தாத்தான் ஆபத்து. வாரம் ஒரு நாள் தலையை அளந்து நோட்டில எழுதுங்க. புருவத்துக்கு மேல வச்சு, பின்தலை துருத்துற இடத்தைச் சுத்திக் கொண்டு வரணும். பழைய டேப் இழுபட்டிருக்கும், புதுசு வாங்கிக்கோங்க. இந்த வயசுல மாசத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் ஏறும். ஒரே வாரத்துல அவ்வளவு ஏறினா நோட்டோட டாக்டரைப் பாருங்க.

ஆபரேஷன் சீட்டு, வால்வு பேரு, ஸ்கேன் எல்லாத்தையும் ஒரே மஞ்சப்பையில போட்டுக் கதவுக்குப் பின்னால மாட்டி வைங்க. அத்தையையும் பக்கத்துல உக்கார வச்சு உச்சிக்குழியைத் தொட்டுப் பாக்கப் பழக்குங்க. நீங்க வீட்டுல இல்லாத நேரம் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடப்போறது அவங்கதான்.