11 மணிக்குப் படுத்தும் தூக்கம் வரலைன்னு கேட்ட தம்பிக்கு

11 மணிக்குப் படுத்து 3 வரைக்கும் புரள்றேன், எழ 9 ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல 11-க்குப் படுக்கிறதை நிறுத்துங்க, தம்பி. தூக்கம் வராம கட்டில்ல கிடந்தா, கட்டில்னாலே முழிப்புன்னு உடம்பு பழகிடும். இப்போதைக்கு ரெண்டு, ரெண்டரைக்கே படுங்க. எழுற நேரத்தை மட்டும் விட்டுடாதீங்க; 8 மணின்னா ஞாயித்துக்கிழமையும் 8 மணிதான். எழுந்த கையோட மொட்டைமாடி வெளிச்சத்துல அரைமணி நேரம் நடங்க. படுத்ததும் தூக்கம் வர ஆரம்பிச்சப்புறம் கால்மணி கால்மணியா ரெண்டு நேரத்தையும் முன்னால இழுங்க.

ராத்திரி 8 மணிக்கு மதுரை சிம்மக்கல்ல டீ குடிக்கிறதை என்னமோ சாதாரணமா சொல்லிட்டீங்க! டீயில இருக்கிற, தூக்கத்தை விரட்டுற காஃபின்ல பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியம் 2-க்கு மேல டீயே வேண்டாம். கூட்டாளிக கூப்பிட்டா போங்க, பாலைக் குடிங்க.

மாடி ரூம் வேற. நம்ம ஊரு வெயிலுக்குத் தளம் நடுராத்திரி வரைக்கும் அனல் கக்கும். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினாத்தான் கண்ணு சொக்கும். பொழுது சாய மாடியில நாலு வாளி தண்ணி ஊத்தி விடுங்க.

மெடிக்கல்ல தூக்க மாத்திரை வாங்குற யோசனை வேண்டவே வேண்டாம். குறட்டையோட மூச்சுத் திணறி முழிப்பு வந்தா, தள்ளிப் போடாம பெரியாஸ்பத்திரியில காட்டிடுங்க.