வேலையாகச் சிங்கப்பூர் போகிறவர்கள் கேட்டவை: கோயில், பள்ளிவாசல், சர்ச், ஊர் பார்த்தல்

கொள்முதல் வேலைக்காகப் பன்னிரண்டு வருஷமாகச் சிங்கப்பூர் போய் வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, மூன்று நாளும் காலை 9 முதல் மாலை 6 வரை மீட்டிங். மாரியம்மன் கோயிலுக்கு எப்போது போவது?

மாலையில் போங்கள், தம்பி. அதுவும் முதல் நாளே. அங்கே கடிகாரம் நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால் ஓடும். அவர்களுடைய 9 மணி மீட்டிங் உங்கள் உடம்புக்குக் காலை 6½. அதனால் விடியற்காலை தரிசனம் என்று திட்டம் போட்டால் முதல் நாள் எழுந்திருக்கவே முடியாது.

முதல் தடவை போனபோது, கடைசி நாள் மதியம் வேலை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போய் நின்றால் நடை சாத்தியிருந்தது. பெட்டியோடு வாசலில் கும்பிட்டுவிட்டு விமான நிலையம் போனேன். இன்று நினைத்தாலும் மனசு கஷ்டப்படும். அங்கேயும் நம் ஊர் போலத்தான், பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் சாத்தி மாலையில் திறக்கும். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைக் கோயிலின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் இந்தக் கோயில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்ட்ரீட் என்று பெயர் வந்ததே இதன் கோபுரத்தால்தான். சைனாடவுன் அல்லது மேக்ஸ்வெல் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். லேப்டாப் பையை ரூமில் வைத்துவிட்டுப் போங்கள். பையைப் பார்த்துக்கொண்டே நின்றால் அம்மன் முகம் மனசில் பதியாது. கும்பிட்டு முடித்தபின் அதே சாலையில் சூலியா பள்ளிவாசலையும் புத்தர் பல் கோயிலையும் பார்க்கலாம். என் வேண்டுகோள் ஒன்றுதான்: தரிசனம் முதலில், போட்டோ அப்புறம். ஊர் சுற்றும் வழியில் கோயிலையும் ஒரு நிறுத்தமாகச் செருகினால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

வெள்ளிக்கிழமை முழுக்க ராஃபிள்ஸ் பிளேஸில் மீட்டிங். ஜும்மாவுக்கு என்ன செய்வது?

இது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 1 மணிக்கு. அதனால் ஜும்மாவும் 1 மணிக்குப் பிறகுதான், பெரும்பாலும் சாப்பாட்டு இடைவேளையோடு சேர்ந்துவிடும். தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் அல் அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது, ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து நடந்தே போகலாம். குடிசையாகத் தொடங்கியதால் நம் மக்கள் வைத்த பெயர் குச்சுப் பள்ளி. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. அதே தெருவில் 1828-30இல் கட்டிய நாகூர் தர்காவும், தியான் ஹாக் கெங் சீனக் கோயிலும் உண்டு. இன்று உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த அந்தத் தெரு அன்று கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் கரையேறியதும் நன்றி சொன்ன இடங்கள் இவை. என்னோடு வந்த நண்பர் தொழுதுவிட்டு வந்து இதைச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். மீட்டிங் நேரம் முடிவாகும்போதே "வெள்ளி மதியம் 12:45 முதல் 2:15 வரை தொழுகை" என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

கிளையன்ட் தவறாக நினைக்க மாட்டார்களா?

எனக்கு அப்படி நடந்ததே இல்லை. பல மதத்தவர் சேர்ந்து வேலை செய்யும் ஊர் அது. முன்கூட்டிச் சொன்னால் மதிப்பார்கள். சொல்லாமல் பாதியில் எழுந்து போனால்தான் சங்கடம்.

ஞாயிறு தமிழ் ஆராதனை எங்கே? அங்குள்ள நண்பர்கள் ஜெபக்கூட்டத்தில் என்னைப் பேசவும் அழைக்கிறார்கள்.

கத்தோலிக்கர் என்றால் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி முடித்தது, தமிழ்த் திருப்பலி உண்டு. மெத்தடிஸ்ட் என்றால் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் சபை. இரண்டும் ரோச்சோர் ஸ்டேஷன் பக்கம்.

பேசுவதில் மட்டும் கவனம், ஐயா. ஆராதனையில் கலந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. ஆனால் குறுகிய கால வருகை அனுமதியில் போகிற வெளிநாட்டவர் மதம் சார்ந்து பிரசங்கமோ சொற்பொழிவோ செய்ய மனிதவள அமைச்சின் மிஸலேனியஸ் ஒர்க் பாஸ் என்ற தனி அனுமதி தேவை. அழைக்கும் அமைப்புதான் விண்ணப்பிக்க வேண்டும். "சின்னக் கூட்டம்தானே" என்று யார் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். உங்களை அழைத்தவர்களுக்கும் சிக்கல், உங்களை அனுப்பிய கம்பெனிக்கும் சிக்கல். பாஸ் இல்லையா, உட்கார்ந்து ஜெபியுங்கள்.

தைப்பூசம் அன்று அங்கே இருப்பேன். விடுமுறைதானே?

இல்லை. தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு, தைப்பூசத்துக்குக் கிடையாது. மலேசியாவின் சில மாநிலங்களில் விடுமுறை என்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். ஆனால் பால்குடங்கள் முந்தின இரவே சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பிவிடும். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடை. வேலை முடித்து, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து போனால்கூடப் பார்க்கலாம். மறுநாள் காலை மீட்டிங்கை மட்டும் 10 மணிக்குத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும். எதைப் பார்க்கலாம்?

கார்டன்ஸ் பை தி பே என்ற பெரிய பூங்கா. இரவு 7:45க்கும் 8:45க்கும் அங்குள்ள சூப்பர்ட்ரீ என்ற மரம் போன்ற உயரக் கோபுரங்களில் ஒளியும் இசையும், கட்டணம் இல்லை. காலையில் எழ முடிந்தால் பொட்டானிக் கார்டன்ஸ், 5 மணிக்கே திறந்துவிடும். ஆனால் சூரியன் உதிப்பது சுமார் 7 மணிக்கு.

கோயில் போன டாக்ஸி பில்லைக் கம்பெனியில் கொடுக்கலாமா?

வேண்டாம். ரயிலே போதும், உங்கள் சொந்த கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டிப் போகலாம். அப்புறம், பிரசாதத்தை ரயிலில் பிரித்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். அங்கே ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் தடை, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

வேலை சனிக்கிழமை முடிகிறது, ரூமை 12 மணிக்குக் காலி செய்யணும், விமானம் இரவு 11க்கு. நடுவில் என்ன செய்வது, அக்கா?

பெட்டியை ஹோட்டலிலேயே ஒப்படையுங்கள். மதியம் லிட்டில் இந்தியா போய், கேம்ப்பெல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகத்தைப் பாருங்கள், 2015இல் திறந்தது. அங்கே சுற்றி முடிக்கும்போது வீரமாகாளியம்மன் கோயில் நடை திறந்திருக்கும். கும்பிட்டுவிட்டு 7 மணிக்குள் பெட்டியை எடுத்துக்கொண்டு சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.