ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, ஸ்பான்சர்ஷிப்புக்கு ஏன் பணம்?

பிரிட்டனில் இருந்து மகனுக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது, ஸ்பான்சர்ஷிப் செலவு என்று ஏஜென்ட் ஒரு பெரிய தொகை கேட்கிறார், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதுவும் கட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

ஆஃபர் லெட்டர் என்பது நிறுவனம் உங்கள் மகனுக்குத் தருவது. ஸ்பான்சர்ஷிப் என்பது, "இந்த வேலைக்கு இவரைத்தான் எடுக்கிறோம், இவருக்கு நாங்கள் பொறுப்பு" என்று அந்த நிறுவனம் அரசிடம் பதிவு செய்வது. அதற்குப் பிறகுதான் விசா விண்ணப்பமே. உங்களிடம் இப்போது இருப்பது முதல் கட்டம் மட்டும்தான். அதுவும் உண்மையான கடிதமா என்பதை இன்னும் பார்க்கவில்லை.

பிரிட்டனில் எல்லா நிறுவனங்களாலும் வெளிநாட்டவரை வேலைக்கு எடுத்துவிட முடியாது. உள்துறை அலுவலகத்திடம் ஸ்பான்சர் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியலை அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கடிதத்தில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கிறதா, அதற்கு நேரே 'ஸ்கில்டு ஒர்க்கர்' (திறன் பணியாளர் விசா) என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் அந்தக் கடிதத்தை வைத்து விசா கிடைக்காது.

பெயர் இருந்தாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மோசடிக்காரர்களும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் நல்ல நிறுவனத்தின் பெயரை எடுக்கிறார்கள். அதனால் ஏஜென்ட் தந்த மின்னஞ்சலையும் போன் எண்ணையும் விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு மகனே எழுதிக் கேட்கட்டும். நேர்காணலே நடக்காமல் வந்த கடிதம் என்றால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும்.

அடுத்து, சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப். பெயரைக் கேட்டு, முத்திரை குத்திய காகிதம் ஒன்று வரும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அது உள்துறை அலுவலகத்தின் கணினியில் நிறுவனம் செய்யும் ஒரு பதிவு. உங்கள் மகனுக்குத் தெரிய வேண்டியது அதன் எண். எண் வழங்கப்பட்ட 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். வேலையின் நான்கு இலக்கக் குறியீடு, சம்பளம், பணியிடம் எல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். செய்யப்போகும் வேலை ஒன்று, பதிவில் உள்ள வேலை வேறு என்றால் பிரச்சினை நிறுவனத்துக்கு மட்டுமல்ல, மகனுக்கும் வரும்.

சம்பளத்தையும் பாருங்கள். 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அந்தத் தொழிலுக்கென்று அரசு வைத்திருக்கும் ஊதிய அளவு அதைவிட அதிகம் என்றால் அந்த அளவைத் தர வேண்டும். 26 வயதுக்கு உட்பட்டவர்கள் போன்ற புதியவர்களுக்குச் சலுகை உண்டு. அப்போதும் 33,400 பவுண்டுக்குக் கீழே போகாது. பெரும்பாலும் பட்டப்படிப்பு அளவிலான வேலைகளுக்குத்தான் இப்போது இந்த வழி திறந்திருக்கிறது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதை அதே நாளில் நிறுத்திவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். 2026 ஜனவரி முதல் ஆங்கிலத் தேர்வின் அளவும் பி2 (இடைநிலையின் மேல் படி) ஆக உயர்ந்திருக்கிறது.

இனி பணம். ஸ்பான்சர் லைசென்ஸ் கட்டணம், சர்டிஃபிகேட் கட்டணம், திறன் வரி (வெளிநாட்டவரை எடுப்பதற்காக நிறுவனத்துக்கு அரசு விதிப்பது) ஆகிய மூன்றும் நிறுவனம் கட்ட வேண்டியவை. அவற்றை இந்த விசாவில் வருபவரிடம் வசூலிக்க விதி அனுமதிப்பதில்லை. மகன் கட்ட வேண்டியது விசாக் கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் சுகாதாரக் கட்டணமும். இரண்டையும் விண்ணப்பத்தின்போது அரசு இணையதளத்திலேயே கட்டிவிடலாம். இடையில் யார் கையும் தேவையில்லை. சில நல்ல நிறுவனங்கள் இவற்றையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

வேறு நாடுகளையும் யோசிப்பதாகச் சொன்னீர்கள். ஆஸ்திரேலியாவில் நிறுவனத்துக்கு ஸ்பான்சர் அனுமதி, பதவிக்கு நாமினேஷன் (இந்த வேலைக்கு இவர் என்று நிறுவனம் முன்மொழிவது), அப்புறம் விசா என்று மூன்று படி. ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் அங்கே சட்டவிரோதம், விசாவே ரத்தாகலாம். கனடாவில் எல்எம்ஐஏ (வெளிநாட்டவரை எடுக்க நிறுவனம் அரசிடம் பெறும் ஒப்புதல்) கட்டணமான 1,000 டாலரை நிறுவனம்தான் கட்ட வேண்டும். அங்கே நிரந்தரமாகக் குடியேறப் புள்ளி அடிப்படையில் ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குக் கிடைத்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அந்தப் புள்ளிக்காகக் கடிதம் விற்பவர்களிடம் இப்போது வாங்க ஒன்றுமில்லை. அமெரிக்காவின் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்க முடியும். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அந்நாட்டு முதுகலைப் பட்டதாரிகளுக்கு இன்னும் 20,000. ஜெர்மனி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டையில், தகுதிப் புள்ளிகளும் செலவுக்குப் பணமும் காட்டினால், வேலைக் கடிதம் இல்லாமலே ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேடலாம். பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

மகன் இப்போதே ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறார் என்றீர்கள். அது மேசையிலேயே இருக்கட்டும். விசா கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும். ஸ்பான்சர் செய்து பழகிய நிறுவனம் சேரும் தேதியைத் தள்ளி வைக்கத் தயங்காது. இந்த வாரம் அவர் செய்ய வேண்டியது நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல்: ஸ்பான்சர் சர்டிஃபிகேட் எப்போது வரும், எந்தத் தொழில் குறியீடு, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, எந்தக் கட்டணத்தை யார் ஏற்கிறார்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். அதற்குள் "நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று ஏஜென்ட் அழைத்தால், அந்தக் கட்டணத்தை நிறுவனமே எழுத்தில் கேட்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.