ஃபக்கிள்ஸ், கோல்டிங்ஸ் தேடுகிறவர்களுக்கு: ஹாப்ஸ் கேள்வி பதில்

பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற கொடியின் பூதான் ஹாப்ஸ்; ஃபக்கிள்ஸும் கோல்டிங்ஸும் அதில் இங்கிலாந்தின் பழைய ரகங்கள். பிரிட்டிஷ் ஹாப்ஸ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதற்கு நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு சின்ன பீர் ஆலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓமலூரிலிருந்து: அண்ணா, சேலத்தில் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் எங்கே கிடைக்கும்? வீட்டிலேயே ஒரு இருபது லிட்டர் போட்டுப் பார்க்க ஆசை.

தம்பி, ஆசை புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டில் பீர் போடுவது குற்றம், ஒரு லிட்டரானாலும் குற்றம்தான். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே நம்ம சேலம் மாவட்டத்தில்தான், அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி. அதனால் இங்கே காய்ச்சுவதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். கீழே உள்ள பதில்கள் சட்டம் அனுமதிக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு.

கவென்ட்ரியில் இருக்கும் ஆத்தூர்க்காரர்: இங்கே இருந்துகொண்டே ஃபக்கிள்ஸ் கிடைக்க மாட்டேன் என்கிறது. கடைக்குக் கடை சிட்ரா, மொசைக் என்று அமெரிக்க ரகங்கள்தான். ஏன் இப்படி?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 1878இல் இங்கிலாந்தில் எழுபதாயிரம் ஏக்கருக்கு மேல் ஹாப்ஸ் போட்டிருந்தார்கள். இன்றைக்கு அது மூவாயிரம் ஏக்கருக்கும் கீழே. வெர்டிசீலியம் என்கிற வாடல் நோய் வந்து ஃபக்கிள்ஸ் கொடிகளைத் தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. மண்ணில் இருக்கிற பூஞ்சை அது, ஒருமுறை புகுந்துவிட்டால் அந்த நிலத்தில் மறுபடி அதே ரகத்தை வைக்க முடியாது. மிச்சம் விளைகிறதையும் பெரிய ஆலைகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்ளும். சில்லறைக்கு வருவது அதிலும் மிச்சம்.

உங்கள் ஊரில் 1963இலிருந்து வீட்டுக்குப் பீர் போட லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. ஆகவே தயங்காமல் தேடுங்கள். ஆனால் பெயரைத் தேடாதீர்கள், அறுவடை வருஷத்தைத் தேடுங்கள். இதை நான் ஆயிரம் முறை சொல்வேன். மூன்று வருஷம் அலமாரியில் கிடந்த அசல் ஃபக்கிள்ஸைவிட, போன அறுவடையில் வந்த ஸ்டைரியன் கோல்டிங் பல மடங்கு மேல். பெயரில் கோல்டிங் இருந்தாலும் ஸ்லோவேனியாவில் விளையும் அது ஃபக்கிள்ஸ்தான், இங்கிலாந்திலிருந்து போன அதே கொடி. அதுவும் இல்லையென்றால் அமெரிக்க வில்லமெட், அது ஃபக்கிள்ஸின் வாரிசு.

ஒரு ரகத்துக்குப் பதில் இன்னொன்றை மாற்றிப் போடும்போது ஆல்ஃபா அமிலத்தை, அதாவது கசப்புத் தரும் பொருளின் சதவீதத்தை, கணக்குப் பண்ணுங்கள். குறிப்பில் 5 சதவீத ஹாப்ஸ் 30 கிராம் என்று இருந்து, கையில் இருப்பது 4 சதவீதம் என்றால் 37.5 கிராம் போட வேண்டும். பாக்கெட்டில் ஆல்ஃபாவும் வருஷமும் அச்சடிக்காத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

பெங்களூரிலிருந்து: பாக்கெட் நல்லதா கெட்டதா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பாக்கெட்டை வெட்டியதும் ஒரு பெல்லட்டை, அதாவது பூவை அரைத்து அழுத்திய சின்ன உருண்டையை, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குங்கள். பச்சையாக உதிர வேண்டும், விரலில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். அந்த மஞ்சள் தூள்தான் லூப்புலின், கசப்பும் மணமும் அதில்தான். கோல்டிங்ஸ் என்றால் தேனும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு மென்மையான வாசனை எழும். பழுப்பாக இருந்து, நாள்பட்ட சீஸ் நாற்றம் அடித்தால் தூக்கிப் போடுங்கள். காற்று, சூடு, வெளிச்சம் மூன்றும் ஹாப்ஸுக்கு எமன். பிரித்த பாக்கெட்டைக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் போதாது.

வீட்டில் நாய் இருந்தால் கவனம். காய்ச்சி வடித்த ஹாப்ஸ் சக்கையைத் தின்றால் அதற்கு உடம்புச் சூடு தாறுமாறாக ஏறும், செத்தே போகலாம். குப்பையில் திறந்து போடாதீர்கள்.

சூரமங்கலம்: சார், சேலத்தில் ஹாப்ஸ் விற்கும் கடை?

முதல் பதிலைப் படியுங்கள்.

லெஸ்டரிலிருந்து: பிரிட்டிஷ் ஹாப்ஸ் எல்லாமே சப்பென்று இருக்கும் என்கிறார்களே?

பிராம்லிங் கிராஸ் வாங்கிப் பாருங்கள். கென்டில் இருந்த வை கல்லூரியில் பேராசிரியர் எர்னஸ்ட் சால்மன் 1927இல் உருவாக்கியது. தாய் கோல்டிங் வகை, தகப்பன் கனடாவின் மானிடோபா காட்டுக்கொடி. கறுப்புத் திராட்சை மாதிரி, பிளாக்கரன்ட் வாசனை தூக்கலாக அடிக்கும். குளிர்காலத்து அடர்நிற ஏல் வகை பீருக்கு இதைவிட எனக்குப் பிடித்த ஹாப்ஸ் கிடையாது. நான் வேலை பார்த்த இடத்தில் காய்ச்சும்போது கடைசிப் பத்து நிமிஷத்தில் மட்டும் போடுவோம், அறை முழுக்க அந்த மணம் நிற்கும்.

கொண்டலாம்பட்டி: ஹாப்ஸ் கஞ்சாக் குடும்பமாமே, வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

தாவரக் குடும்பம் ஒன்றுதான். கஞ்சாவின் போதைப் பொருள் ஹாப்ஸில் இல்லை.

ஏற்காடு, தோட்டம் வைத்திருக்கும் ஐயா: காக்பர்ன் துரை சேலம் கலெக்டராக இருந்தபோது காப்பி கொண்டுவந்தார், பிழைத்தது. பேரியும் பிழைத்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், குளிர் இருக்கிறது. ஹாப்ஸ் மட்டும் ஏன் வராது?

இதே கேள்வியை ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இதுதான் பதில். சிக்கல் குளிர் இல்லை ஐயா, பகல். ஹாப்ஸ் 35 முதல் 55 டிகிரி அட்சரேகையில் வளர்கிற கொடி. கென்டில் ஜூன் மாதம் பகல் பதினாறரை மணி நேரம். நமக்கு 12 மணி 50 நிமிஷம் போல, அவ்வளவுதான். பகல் குறுகினால் பூக்க வேண்டும் என்பது அதன் புத்தி. இங்கே வைத்தால் முளைத்த கையோடு பகல் குறுகிவிட்டதாக நினைத்து, ஐந்தாறு மீட்டர் ஏற வேண்டிய கொடி இடுப்பளவிலேயே பூத்து நின்றுவிடும். காப்பி வெப்பமண்டலச் செடி, அதை இதோடு ஒப்பிடவே கூடாது.

அதே ஐயா மறுபடி: ஹாப்ஸ் கொடி பூப்பதற்குக் குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் அந்தக் குளிர் உறக்கமே வேண்டாம் என்று ஆராய்ச்சி வந்திருக்கிறதே. விளக்குப் போட்டால்?

வந்திருக்கிறது, 2019இல் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம். குளிர் உறக்கம் இல்லாமலே ஹாப்ஸ் பூக்கும் என்று காட்டினார்கள். ஆனால் அது நான் சொன்னதைத்தான் உறுதிப்படுத்துகிறது, வெளிச்சம்தான் எல்லாம். தென்னாப்பிரிக்காவில் ஜார்ஜ் ஊர்ப் பக்கம் தோட்டத்துக்கு மேல் விளக்குக் கட்டித்தான் ஆரம்பத்தில் பயிர் செய்தார்கள், அப்புறம் குறும்பகலுக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கினார்கள்.

நானும் பார்த்தேன். முறையாக அனுமதி வாங்கி வளர்க்கிற ஒரு நண்பரிடம் இரண்டு செடி வாங்கி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் ஏற்றினேன். மிளகு வேர் விட்டுப் பட்டையைப் பற்றும், இது தண்டில் இருக்கிற கொக்கி மயிரால் சுற்றிச் சுற்றி ஏறும், பார்க்கவே அழகு. நெஞ்சளவு வந்தது, பூத்தது. உலர்த்தி நிறுத்தால் இரண்டு செடிக்கும் சேர்த்து 11 கிராம். அடுத்த வருஷம் ஒன்றுக்கு மட்டும் இரவில் நான்கு மணி நேரம் எல்இடி போட்டேன். அந்தக் கொடி என் தலைக்கு மேல் போனது, பக்கத்தில் இருந்தது போகவில்லை. ஆக விளக்கு வேலை செய்கிறது, நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஒரு ஏக்கருக்குக் கம்பம், கம்பி, கரண்ட் பில் என்று போட்டுப் பார்த்தால் எந்த ஹாப்ஸும் அந்த விலைக்குப் போகாது. இந்தியாவில் வேண்டுமென்றால் இமாச்சலின் லாஹௌல் இருக்கிறது, அங்கே விளைகிறது.

அம்மாபேட்டை: லண்டனிலிருந்து அக்கா வருகிறார், பெட்டியில் இரண்டு ஹாப்ஸ் கிழங்கு போட்டு எடுத்துவரச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் கட்டாயம், 2003ஆம் வருஷத்துத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணை அது. கென்டை அழித்த வாடல் பூஞ்சை இப்படி ஒட்டிக்கொண்டு போகிற ஜாதிதான். உங்கள் தோட்டம் மட்டுமில்லை, பக்கத்துத் தோட்டமும் இருக்கிறது.

ஹஸ்தம்பட்டி: தூக்கத்துக்கு ஹாப்ஸ் டீ நல்லதா?

டாக்டரைக் கேளுங்கள்.

மீண்டும் கவென்ட்ரி: புது அறுவடை எப்போது கடைக்கு வரும்?

பறிப்பது செப்டம்பரில். உலர்த்தி, பெல்லட் ஆக்கி, பாக்கெட் போட்டுக் கடைக்கு வர அக்டோபர் கடைசி, நவம்பர் ஆகிவிடும். கோல்டிங்ஸும் பிராம்லிங் கிராஸும் வந்த வாரமே ஒரு வருஷத்துக்கு வேண்டியதை நூறு நூறு கிராமாக வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். பிப்ரவரியில் தேடினால் கிடைக்காது.