நொடி பிசகாத கடிகாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேரள எல்லையோர ஊர்களிலிருந்து துல்லிய நேரம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் 'ரேடியோ கன்ட்ரோல்' கைக்கடிகாரம் கொடுத்தார். இரவு முழுக்க மொட்டை மாடியில் வைத்தும் சிக்னல் பிடிக்கவில்லை. கடிகாரம் பழுதா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: பழுது இல்லை. இவ்வகைக் கடிகாரங்கள் ஜப்பானில் இரண்டு, சீனா, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனியில் ஒவ்வொன்று என நேர சிக்னல் அனுப்பும் ஆறு நெட்டலை நிலையங்களை நம்பியிருப்பவை. அலைவரிசை 40 முதல் 77.5 கிலோஹெர்ட்ஸ் வரை. இவற்றில் நமக்குக் கிட்டத்தில் இருப்பது சீனாவின் ஷாங்சியூ (68.5 கிலோஹெர்ட்ஸ்). அதுவே பாலக்காட்டிலிருந்து 4,700 கி.மீ.க்கு மேல். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் துக்கடா ஃபெரைட் ஆன்டெனா அவ்வளவு தூரத்தை எட்டாது. இந்தியாவில் இந்த அலைவரிசையில் நேரம் ஒலிபரப்பும் நிலையம் இல்லை.

ஒரு குறுக்கு வழி உண்டு. ஜப்பான் சிக்னலைப் போலிசெய்யும் செயலிகள் கைபேசிக்குக் கிடைக்கின்றன. 40 கிலோஹெர்ட்ஸின் மூன்றில் ஒரு பங்கான 13,333 ஹெர்ட்ஸ் ஒலியை ஸ்பீக்கரில் விடுவார்கள். ஸ்பீக்கரின் கம்பிச்சுருளில் ஏற்படும் திரிபால் அதன் மூன்று மடங்கு அலைவரிசை (மூன்றாம் ஹார்மோனிக்) காந்தப்புலமாகக் கசியும். கடிகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும். 'ஹோம் சிட்டி'யை டோக்கியோவாக வையுங்கள். ஒலியை முழுதாக ஏற்றி, கடிகாரத்தை ஸ்பீக்கரை ஒட்டிப் படுக்கவைத்து, 'ரிசீவ்' அழுத்திவிட்டு அசைக்காமல் விடுங்கள். ஒரு முழுச் செய்தி வர ஒரு நிமிடம். சரிபார்க்க இரண்டு மூன்று தேவை. பிடித்ததும் ஹோம் சிட்டியை டெல்லிக்கு மாற்றினால் நம் நேரம் வந்துவிடும். புளூடூத் ஸ்பீக்கர் ஆகாது, ஒலி தாமதமாகும். கைபேசியின் நேரம் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் கடிகாரமும் சரி.

கே: ஒரே கம்பெனி, ஒரே மாடல் சுவர்க்கடிகாரம் இரண்டு. ஒன்று கம்பம் ஊரில் வீட்டில், மற்றது மலைமேல் குமுளியில் கடையில். வெயிலில் இருப்பது பிந்துவது புரிகிறது. குளிரில் இருப்பது முந்தத்தானே வேண்டும்? அதுவும் பிந்துகிறதே!
– வாசகர், குமுளி

ப: முந்தாது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சுமார் 25 டிகிரியில்தான் உச்ச வேகத்தில் ஓடும். அதிலிருந்து சூடானாலும் குளிர்ந்தாலும் வேகம் குறையும். குறைவு வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஒரு டிகிரி வர்க்கத்துக்குப் பத்து லட்சத்தில் 0.034 பங்கு. 35 டிகிரியிலும் 15 டிகிரியிலும் இழப்பு ஒன்றுதான்: பத்து லட்சத்தில் 3.4 பங்கு, அதாவது நாளுக்கு 0.3 நொடி, மாதத்துக்கு 9 நொடி. இதோடு ஒவ்வொரு கிரிஸ்டலுக்கும் தயாரிப்பிலேயே வரும் பிசகும் சேரும்.

சொந்தமாகக் கடிகாரம் கட்டுபவர் நேரம் காக்கும் டி.எஸ். 1307 சிப்பை விட்டுவிட்டு டி.எஸ். 3231 வாங்குங்கள். அது வெப்பநிலையை அளந்து தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கும், ஆண்டுக்கு ஒரு நிமிடம்தான். ஆனால் சந்தையில் கிடைக்கும் மலிவான பலகைகளில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டையோடும் 200 ஓம் மின்தடையும் உண்டு. அதில் சாதாரண சி.ஆர். 2032 பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பிவிடும். அந்த மின்தடையைச் சோல்டரிங் அயர்னால் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

கே: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியும் ஜி.பி.எஸ். மாட்யூலும் வைத்து வீட்டுக்குள் நேர சர்வர் அமைக்க ஆசை. யு.எஸ்.பி. ஜி.பி.எஸ். வாங்கி மாட்டினேன்; நேரம் அங்குமிங்கும் ஆடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், செங்கோட்டை

ப: யு.எஸ்.பி. வகையைத் தூக்கி வையுங்கள். பெரும்பாலானவற்றில் பி.பி.எஸ். எனப்படும் நொடித் துடிப்பு வெளியே வருவதில்லை. வந்தாலும் யு.எஸ்.பி. வழியே ஒரு மில்லிசெகண்ட் அளவுக்கு ஆடும். பி.பி.எஸ். பின் தனியாக உள்ள யு-பிளாக்ஸ் நியோ-6எம் அல்லது நியோ-எம்8என் பலகை, 3.3 வோல்ட் ஆக்டிவ் ஆன்டெனா, ஐந்து ஒயர் போதும்.

இணைப்பு: மாட்யூலின் வி.சி.சி.யைப் பையின் 1-ஆம் பின்னுக்கு (3.3 வோல்ட்), கிரவுண்டை 6-க்கு, டி.எக்ஸ்.ஐ (அனுப்பும் பின்) 10-க்கு, ஆர்.எக்ஸ்.ஐ (வாங்கும் பின்) 8-க்கு, பி.பி.எஸ்.ஸை 12-க்கு (ஜி.பி.ஐ.ஓ. 18). 5 வோல்ட் துடிப்பு தரும் பலகையானால் நேராக மாட்டாதீர்கள், பையின் பின் கருகும்.

அடுத்து மென்பொருள். சீரியல் போர்ட்டை இயக்கி, அதன்மேல் இருக்கும் லாகின் கன்சோலை அணையுங்கள். இதை மறந்தால் ஜி.பி.எஸ். தகவலைக் கன்சோல் தின்றுவிடும். துவக்க அமைப்புக் கோப்பில் பி.பி.எஸ்.-ஜி.பி.ஐ.ஓ. ஓவர்லேயை 18-ஆம் எண்ணுக்குச் சேர்த்து, மறுதுவக்கம் செய்யுங்கள். ஜிபிஎஸ்டி (ஜி.பி.எஸ். தகவலை வாசிப்பது), குரோனி (கணினியின் நேரத்தைத் திருத்துவது), பி.பி.எஸ். டூல்ஸ் (துடிப்பைச் சோதிப்பது) மூன்றையும் நிறுவி, முதலில் பி.பி.எஸ். டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு ஒரு வரி வரவேண்டும். வராமல் குரோனியைத் தொடுவது வீண் வேலை.

குரோனிக்கு இரண்டு மூலங்கள் கொடுக்க வேண்டும். துடிப்பு ஒரு நொடி எப்போது பிறக்கிறது என்று மட்டும் சொல்லும், அது எந்த நொடி என்று சொல்லாது. அதைச் சொல்வது மாட்யூல் சீரியலில் அனுப்பும் என்.எம்.இ.ஏ. எனப்படும் எழுத்து வரிகள். அவையோ துடிப்புக்குப் பிறகு நிதானமாக வருபவை: 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து, வரிகள் எல்லாம் சேர்ந்தால் 400, 500 எழுத்து, ஆக அரை நொடி அதிலேயே போய்விடும். எனவே என்.எம்.இ.ஏ. மூலத்தை 'தேர்ந்தெடுக்காதே' என்று குறித்து, பி.பி.எஸ்.ஸை அதனுடன் 'லாக்' செய்து, ஒரு மணி நேரம் இணைய சர்வர்களோடு ஒப்பிட்டு, வரும் சராசரிப் பிந்தலை 'ஆஃப்செட்' ஆகக் கொடுங்கள். ஒப்பிட டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரும் தேசியத் தகவல் மையத்தின் சமய் சர்வர்களும் இருக்கின்றன. வானில் தெரியும் செயற்கைக்கோள் எண்ணிக்கைக்கு ஏற்ப, அவற்றைப் பட்டியலிடும் ஜி.எஸ்.வி. வரிகள் கூடும் குறையும், பிந்தலும் அதற்கேற்ப அலையும். அந்த வரிகளை மாட்யூலிலேயே நிறுத்திவிடுங்கள். முக்கால்வாசித் தொல்லை இதோடு தீரும்.

பிறகும் தப்பு வந்தால், தப்பின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக 1 நொடி என்றால் ஆஃப்செட் தவறு. சரியாக 100 மில்லிசெகண்ட் என்றால் துடிப்பின் ஏறுமுகத்துக்குப் பதில் இறங்குமுகத்தைப் பிடிக்கிறீர்கள். துடிப்பின் அகலம் அவ்வளவு. 18 நொடி, அல்லது பழைய மாட்யூலில் 2, 3 நொடி என்றால் லீப் நொடித் தகவல் (உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்த்த நொடிகளின் கணக்கு) இன்னும் வரவில்லை. ஜி.பி.எஸ். நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2017 ஜனவரி 1 முதல் 18 நொடி முந்தி ஓடுகிறது. அந்தத் தகவல் செயற்கைக்கோளிலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும், பொறுத்திருங்கள். தேதியே ஏறக்குறைய 19.6 ஆண்டு பின்னால் போனால் அது 1,024 வாரச் சுழற்சி: ஜி.பி.எஸ்.ஸின் வார எண் அத்தனை வாரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 முடியும் நள்ளிரவில் (உலக நேரம்) புரண்டது. அந்த மாட்யூலைக் குணப்படுத்துவதைவிடப் புதிது வாங்குவது மலிவு.

எல்லாம் சரியானால் பையின் கடிகாரம் சில மைக்ரோசெகண்டுக்குள் நிற்கும். அதை வைஃபை வழியே மற்ற கணினிக்குக் கொடுத்தால் மில்லிசெகண்ட் கணக்கில் கலங்கும். லேன் ஒயர் போடுங்கள். பை 3-இல் லேனும் யு.எஸ்.பி. வழியாகவே போகிறது, பை 4-இல் அப்படி இல்லை. பையை ஃபேன் காற்று படாமல் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். சூடு ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம். குறைவாக இருப்பது இரண்டாம்பட்சம்.

கே: வீட்டுக்கு மேற்கே மலை, சுற்றிலும் தென்னை. ஜி.பி.எஸ். துல்லியம் கெடுமா?
– வாசகர், புளியரை

ப: மலையால் பெரிய நஷ்டம் இல்லை. ஜி.பி.எஸ். சுற்றுப்பாதைகள் 55 டிகிரி சாய்ந்தவை என்பதால் நம் அட்சரேகையில் தலைக்கு மேலேயே நிறைய கிடைக்கும். ஆன்டெனாவைக் கிழக்கும் தெற்கும் திறந்த மூலையில் வைத்து, அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்துக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை ஒதுக்க மாட்யூலுக்குச் சொல்லுங்கள். தென்னைதான் வம்பு. மழையில் நனைந்த மட்டை 1.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை நன்றாக உறிஞ்சும்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் 'டி' என்று முடியும் டைமிங் மாட்யூல் (நியோ-எம்8டி போல) பாருங்கள். ஒரு நாள் முழுக்க இருப்பிடத்தை அளக்கவிட்டு அதை நிலையாகப் பூட்டிவிட்டால், பிறகு ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் கிடைக்கும். உயரத்தில் 3 மீட்டர் பிசகினால் நேரத்தில் 10 நானோசெகண்ட் வரை பிசகும்.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகே ஓடுகிறது (தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் அமைந்தது இதனால்தான்). சூரியன் மறைந்து நள்ளிரவு வரை அயனி மண்டலம் கொந்தளித்து சிக்னல் மினுக்கும்; மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில், அதுவும் சூரியக் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் கூடுதல். இரவு 9 மணிக்கு மட்டும் பிசகினால் ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள்.

கே: டிஷ் டி.வி.க்கு வாங்கிய கேபிள் மிச்சம் இருக்கிறது. ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்குப் போடலாமா? ஐப்பசி இடிமின்னலுக்கு என்ன காப்பு?
– வாசகர், வேலந்தாவளம்

ப: தாராளமாகப் போடலாம். ஆர்.ஜி.-6 கேபிள் 75 ஓம், மாட்யூல் 50 ஓம். அந்த வித்தியாசத்தால் போகும் சிக்னல் சொற்பம். மெல்லிய ஆர்.ஜி.-174-ஐ 20 மீட்டர் இழுப்பதைவிட இது பல மடங்கு மேல். கேபிளில் சிக்னல் மீட்டருக்குச் சுமார் 4 நானோசெகண்ட் பிந்தும். 20 மீட்டருக்கு 80. யு-பிளாக்ஸில் இதற்கு 50 என்று முன்பே பதிந்திருக்கும், மாற்றிவிடுங்கள். ஆன்டெனாவுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. அதனால் நடுவே ஸ்ப்ளிட்டர் போட்டால் மின்சாரத்தைக் கடத்தும் வகைதானா என்று பாருங்கள். கணவாய்க் காற்றில் எஃப் கனெக்டர் ஆடி ஆடி நீர் இறங்கும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றுங்கள்.

மின்னலுக்கு: ஆன்டெனா வீட்டின் மிக உயர்ந்த பொருளாக இருக்கக் கூடாது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வாயுக்குழாய் அரெஸ்டர் மாட்டி, அதன் எர்த்தை வீட்டு எர்த்தோடு குட்டையான தடித்த கம்பியால் இணையுங்கள். நேரடி இடிக்கு இதெல்லாம் தாங்காது. இடி தொடங்கும் முன்பே கழற்றிவிடுவதுதான் மலிவான காப்பு.

கே: இணையமே இல்லாதபோது சிற்றலை வானொலியில் நேரம் பிடிக்க முடியுமா?
– வாசகர், களியக்காவிளை

ப: முடியும். டெல்லியின் ஏ.டி.ஏ. என்ற நேர ஒலிபரப்பு நின்றுபோன பிறகு நமக்கு வாய்த்தது சீனாவின் பி.பி.எம். நிலையம்: 2.5, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ். பகலில் 10, 15. இருட்டிய பின் 5, 10 முயலுங்கள். நொடிக்கு ஒரு குறுந்துடிப்பு, நிமிடத்துக்கு ஒரு நெடுந்துடிப்பு. ஒவ்வொரு மணியிலும் 25 முதல் 29-ஆம் நிமிடம் வரையிலும், 55 முதல் 59 வரையிலும் வருவது பூமியின் சுழற்சியைத் தொடரும் யு.டி.1 நேரம், அதை வைத்துத் திருத்தாதீர்கள். மற்ற நேரத் துடிப்பு 20 மில்லிசெகண்ட் முந்தியே அனுப்பப்படுகிறது. நம்மூருக்கு வரச் சுமார் 15 மில்லிசெகண்ட் ஆகும். ஆக மிஞ்சும் பிசகு காதுக்குத் தெரியாது.

கே: டி.வி.யில் மூலையில் காட்டும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாமா?
– வாசகர், கூடலூர்

ப: வேண்டாம். செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கவே கால் நொடி. படத்தைச் சுருக்கி விரிக்க மேலும் சில நொடி. கைபேசியில் ஓடும் சேனல் இன்னும் மோசம்.

கே: பழைய ரூபிடியம் அணுக் கடிகாரம் இணையத்தில் விற்கிறார்கள். வாங்கட்டுமா?
– வாசகர், வாளையார்

ப: ஜி.பி.எஸ். துடிப்பை ஒழுங்காக அளக்கத் தெரிந்த பிறகு வாங்குங்கள். டெலிகாம் கோபுரங்களில் உழைத்து ஓய்ந்தவை அவை. உள்ளே எரியும் ரூபிடியம் விளக்கின் ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. ஒப்பிட ஜி.பி.எஸ். இல்லாமல் அது சரியாக ஓடுகிறதா என்பதையும் அறிய முடியாது.

கே: சூரியக் கடிகாரம் ஒன்று அமைத்தேன். கைபேசி நேரத்தோடு ஒத்துவரவே இல்லை.
– வாசகர், பாலக்காடு

ப: இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது; உங்கள் ஊர் 76.65. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 23 நிமிடத்துக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட ஒரு நாழிகை, நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். இதன்மேல் பருவ வித்தியாசம் ஏறும். நவம்பர் தொடக்கத்தில் உச்சிப்பொழுது 12.07-க்கு, பிப்ரவரி நடுவில் 12.37-க்கு. எண் பலகையை 23 நிமிடம் திருப்பி வரைந்துவிட்டு, பருவத் திருத்தத்துக்கு மாதவாரி அட்டவணை ஒன்றை அடியில் பொறித்துவிடுங்கள்.