சீட்டா, சேமிப்புக் குழுவா? தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கேட்டவை

எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) 12 பேர் சீட்டுப் போடுகிறோம். பிறகெதற்குச் சேமிப்புக் குழு?

சீட்டை விடவேண்டாம். ஆனால் கடைசிச் சீட்டு எடுத்ததும் பொதுவில் ஒரு சதமும் இருக்காது. முதல் சீட்டை எடுத்தவர் இடையில் கொழும்புக்குப் போய்விட்டால் மற்றவர்களுக்குத்தான் நட்டம். குழுவில் பணம் தேங்கும். 12 பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் வருடத்தில் 72,000. தொகையை அதிகம் சம்பளம் எடுப்பவரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொழுந்து குறைந்து அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுகிற மாதத்திலும் எல்லோராலும் கட்டக்கூடியதாக இருக்கட்டும். கூட்டம் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு. மாதக் கடைசியில் வைத்தால் காசு கடைக் கடன் கொப்பிக்குப் போயிருக்கும்.

குழுக் கடனுக்கு மாதம் 2 வீதம் வட்டி வைத்தோம். வாரா வாரம் வசூலிக்கும் நுண்கடன் கம்பனிகளின் கடனும் அதே 2 வீதம்தானே என்கிறார்கள் சிலர்.

எதன்மேல் 2 வீதம் என்று கேளுங்கள். 20,000 ரூபாயை 10 மாதத்தில் கட்டுவதாக வைப்போம். எடுத்த தொகை முழுவதற்கும் கடைசிவரை வட்டி போட்டால் மாதம் 400, மொத்தம் 4,000. கட்டக் கட்ட மீதிக்கு மட்டும் போட்டால் 400, 360, 320 என இறங்கி மொத்தம் 2,200தான். கம்பனிகளின் வாரக் கடன்கள் பல இதில் முதலாவது வகை. 50,000 எடுத்து, "வருடம் 24 வீதம்" என்று 52 வாரம் கட்டினால், மீதிக் கணக்கில் அது சுமார் 44 வீதம் வரும்! குழுவின் யாப்பில் (விதிமுறைப் பத்திரத்தில்) "மீதிக்கு மட்டும் வட்டி" என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொரு கடனையும் கூட்டத்தில் உரக்க வாசித்து, அவரவர் பாஸ் புத்தகத்திலும் குழுப் பேரேட்டிலும் அங்கேயே பதியுங்கள். வீட்டில் போய் எழுதலாம் என்று விட்ட கணக்குத்தான் பின்னால் சண்டையாகிறது.

குழுக் கடனில் சிப்பிக் காளான் போட்டோம். பைகள் பாதி பச்சையாகிவிட்டன. விதை பிழையா?

விதையைக் குறை சொல்வதற்கு முன் மரத்தூளைப் பாருங்கள். மலையில் மலிவாகக் கிடைப்பது பைனஸ், டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்களின் தூள். அவற்றின் பிசினும் எண்ணெயும் காளான் இழையை வளரவிடா. றப்பர், மா மரத்தூள் நல்லது. பையில் நிரப்பும் கலவைக்கு, 10 கிலோ தூளுக்கு 1 கிலோ அரிசித் தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் சோயா மா, 20 கிராம் மக்னீசியம் சல்பேற்று. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. பச்சைப் பூஞ்சணத்துக்கு வழக்கமான காரணம் பைகளை ஆவியில் அவித்தது போதாமை: பீப்பாயில் ஆவி வரத்தொடங்கிய பிறகு 3 மணி நேரம் வேண்டும். பை முழுதாக ஆறிய பிறகே விதை போடுங்கள்; சூட்டில் போட்டால் விதை செத்துவிடும். லயக் குசினிக்குப் பக்கத்தில் அடுக்கவும் வேண்டாம், விறகுப் புகை காளானுக்கு ஆகாது. கெட்ட பையை அன்றே தூரத்தில் புதைத்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கை யார் பெயரில் திறப்பது?

குழுவின் பெயரில். தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பம். மூவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக்கூடாது. யாப்பு, கூட்டக் குறிப்பு, அடையாள அட்டைப் பிரதிகளை எடுத்துப் போங்கள். பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரை முதலில் பார்த்தால் அலைச்சல் குறையும். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். விளங்காத எதிலும் கையொப்பம் வைக்கவேண்டாம்.